மண்டோர் பெரியப்பாவுக்கு நான் எழுதிய ஐந்து வரி

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. அந்த வரியை என் இளம் வயதில் அடுத்தவர்களுக்காக எழுதி எழுதி அதன் உயிரையே எடுத்துவிட்டேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பினாங்குக்கு மாற்றலாகிப் போகிறாய், கம்பெனியின் எல்லா ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இனி நீதான் பொறுப்பு என்று போனில் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்பாங்கான் பாசாரில் மீன் விற்கிற அம்மா வரைக்கும் சொல்லியாகிவிட்டது. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பாதியைப் படித்துவிட்டு எனக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவாய். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, காப்பி ஒன்று கலக்கி வைத்துக்கொண்டு இதை முழுக்கப் படி.

மண்டோர் பெரியப்பா இறந்துபோனதை உனக்குக் குரல் பதிவாக அனுப்பியிருந்தேன். 'சாரிம்மா, உடம்பப் பாத்துக்குங்க' என்று ஒரு வரி வந்தது. வேலையில் இருந்திருப்பாய், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மந்தினில் அவர் வீட்டில் கருமாதி. சடங்கெல்லாம் முடிந்து, இலை போடுவதற்கு முன்னால், பாக்கியம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டிய தாள் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். "தங்கச்சி, ஒன் மவன் பாப்பாவுக்கு எழுதி அனுப்புனது. அவ பிரிண்டு எடுத்து லாமினேட் பண்ணி கொண்டாந்தா. எனக்குக் கண்ணு தெரியல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிலா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "என் மவன்தான்" என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

பாப்பாவை உனக்கு நினைவிருக்கும். பெரியப்பாவின் கடைசிப் பெண். நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று மூக்கு ஒழுக ஒழுக உன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்று அழுதவள். அவள் முழுப்பெயர் தமிழ்ச்செல்வி. செண்டாயானில் உன் ஆலையில், நீ அங்கே மேனேஜராக வருவதற்கு முன்பிருந்தே, பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று பெரியப்பா கட்டளை போட்டிருந்தார். "தம்பி பெரிய எடத்துல இருக்குறாரு. நீ போயி ஒறவு சொல்லிக்கிட்டு நின்னா அவருக்குத்தான் சங்கடம்" என்று அவளிடமும் சொன்னார், என் வாயையும் கட்டிவிட்டார். அவருடைய பெயர் வீரய்யா. தோட்டத்தில் ஆள்களை மேற்பார்த்தவர் என்பதால் நாம் எல்லாரும் ஆயுசுக்கும் மண்டோர், மண்டோர் என்றே கூப்பிட்டதில் அந்தப் பெயர் உனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் அந்தப் பெயரைப் போட்டுத்தான் உன்னிடமிருந்து பாப்பாவின் கைப்பேசிக்கு அந்த அனுதாபச் செய்தி வந்திருக்கிறது. 'அண்ணனுக்கு நம்மள ஞாபகம் இருக்கு' என்று அவள் அதைத் தன்னோடு வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

நான் படித்தேன். 'தங்கள் அன்புத் தந்தையார் வீரய்யா அவர்களின் மறைவு ஈடு செய்ய இயலாத பேரிழப்பு. அவர் விதைத்த அன்பும் உழைப்பும் தங்கள் வழியே என்றும் வாழும்.' இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நீ எழுதியது இல்லை. நீ என் வயிற்றில் பிறந்தவன். உன் வாயிலிருந்து 'தந்தையார்' என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சரி, யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் அந்த வரியை எனக்கு முன்னே சொல்லியது: "இத்துயரமான வேளையில் நாங்கள் அனைவரும் ஒரே குடும்பமாய்த் தங்களோடு நிற்கிறோம்." பாப்பாவோடு வேலை செய்கிற மோகன். நல்ல பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "ஆன்ட்டி, எங்கம்மா போனப்ப எனக்கும் இதேதான் வந்துச்சு. தந்தையாருக்கு பதிலா தாயார்னு இருந்துச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. பாப்பா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். பாக்கியம் பெரியம்மா என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்தார். "பரவால்லலா. எழுத்து நல்லாதானே இருக்கு" என்றார். ஆனால் அதைத் திரும்பப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

அன்று சாயந்தரமே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? அந்த அனுதாபச் செய்தியெல்லாம் யார் எழுதுவது என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அது சிஸ்டம் எழுதுதும்மா. ஏஐ. யாரு வீட்டுல துக்கம்னாலும் பதிவு பண்ணா போதும், அதுவே எழுதி என்கிட்ட வரும், நான் ஓகே அமுக்குவேன். நான் எழுதுனா இவ்ளோ நல்லாவா இருக்கும்? பினாங்கு போனதும் எல்லா ஆலைக்கும் இதைத்தான் கொண்டு போகப்போறேன்" என்றாய். ஒவ்வொருத்தரிடமும் நீயே ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்டதற்கு, "மூவாயிரம் பேரும்மா, எப்படிம்மா?" என்றாய். வீரய்யா யார் என்று உன்னிடம் சொல்லவில்லை. முட்டி வலியைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஏனென்றால், உன் சிஸ்டம் செய்ததை இதே மனிதருக்கு நான் ஏற்கனவே செய்திருக்கிறேன். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ரப்பர் தோட்டத்தில் நான் கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்த காலம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதனால் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தியாவுக்கு ஊர்க் கடிதம் எழுதுவது என் வேலையாகிவிட்டது. காலையில் பால் வெட்டி, பால் நிறுத்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால், வாசலில் நாலைந்து பேர் விமானத் தபால் நீலக் கடுதாசியோடு காத்திருப்பார்கள். முதலில் அவர்கள் சொல்வதையெல்லாம் எழுதினேன். போகப் போக அலுத்துவிட்டது. ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒரே மாதிரி இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதனால் நானே மூன்று கடிதம் செய்து வைத்துக்கொண்டேன்: நலம் விசாரிக்க ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. பெயரை மாற்றினால் போதும். அவர்கள் பேசப் பேச நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் என் கடிதத்தை எழுதிவிட்டு, படித்துக் காட்டச் சொன்னால் அவர்கள் பேசியதையே ஞாபகத்திலிருந்து திருப்பிச் சொல்வேன். தாளில் இருப்பது வேறு. யாருக்குத் தெரியப் போகிறது? என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியப்பாவின் தாயார் ஊரில் தவறிவிட்டதாகச் செய்தி வந்தபோது அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் சித்தப்பாவோடு கப்பல் ஏறி வந்தவர், அதற்குப் பிறகு தாயாரைப் பார்க்கவே இல்லை. நெடுநேரம் பேசினார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அண்ணனுடைய நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். அண்ணனிடம் இருந்ததே அந்த ஒரு சட்டைதான். தாயார் தெருவில் வைத்து அதைக் கழற்றச் சொல்லி, கிழிந்த பழைய சட்டையை மாட்டி அனுப்பிவிட்டாராம். அந்த ஆத்திரத்தில் இவர் திரும்பிப் பார்க்காமலே நடந்துவிட்டார். "ஆத்தா செஞ்சதுதான் சரிம்மா. அந்தச் சட்டைக்காக எனக்குக் கோவமே இல்லன்னு அண்ணனுக்கு எழுது. நான் திரும்பிப் பாத்திருக்கணும், அதையும் எழுது" என்று சொல்லி அழுதார். நான் என் சாவுக் கடிதத்தின் ஐந்து வரியை எழுதி முடித்திருந்தேன். சட்டையைப் பற்றிப் போய் யாராவது துக்கக் கடிதத்தில் எழுதுவார்களா என்று நினைத்தேன். அவர் படிக்கச் சொன்னபோது சட்டை, ஆத்தா, திரும்பிப் பார்க்காதது எல்லாவற்றையும் சேர்த்துப் 'படித்து'க் காட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் கருமாதியில் நின்று அவர் சாவுக்கு வந்த அதே மாதிரி வரிகளை நானே படித்தேன், பார்த்தாயா.

அந்த மனிதர் எப்படி மண்டோர் வேலை பார்த்தார் என்பதையும் உனக்குச் சொல்லவேண்டும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நிற்போம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி பேரேட்டை வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் பெயரைக் கூப்பிடுவார், நாங்கள் குரல் கொடுப்போம், அவர் கோடு போடுவார். குனிந்த தலை நிமிராது. பெரியப்பாவுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் அவர் அதன் பக்கமே போகமாட்டார். கிராணி பெயரைக் கூப்பிடக் கூப்பிட, இவர் வரிசையில் நடந்துவந்து ஆளை ஆளாகப் பார்ப்பார். குரல் வருகிறதா என்பதைக் கிராணி பார்த்துக்கொள்வார், எப்படிப்பட்ட குரல் வருகிறது என்பதை இவர் பார்ப்பார். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் என் முன்னால் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கிராணியிடம் திரும்பி, "கிராணியாரே, இந்தப் பொண்ணுக்கு இனிமே மேட்டு நெரை வேணாம். கீழ சமமா இருக்குற நெரையப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மேட்டு மர வரிசையில் ஏறிப் பால் வெட்ட நான் என்ன லாயக்கில்லாதவளா என்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். பத்து நாள் கழித்துத்தான் எனக்கே சந்தேகம் வந்து நர்ஸம்மாவிடம் போனேன். தம்பி, நீ என் வயிற்றில் இருக்கிறாய் என்று உன் அப்பாவுக்கும் எனக்கும் தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொண்ட மனிதர் அவர். நான் வரிசையில் நின்ற விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். நீ ஓகே அமுக்கியது அவருடைய சாவுக்கு.

இதைப் படித்ததும் உனக்கு நெஞ்சு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதினேன், எழுதிவிட்டு நானும் அழுதேன். ஆனால் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இல்லை. உன் சிஸ்டத்தின்மேலும் எனக்குக் கோபம் இல்லை. யார் வீட்டில் துக்கம், யார் மூன்று நாளாக வரவில்லை, யாருக்கு வேலை மந்தமாகிவிட்டது என்று அது கணத்தில் சொல்லிவிடுகிறது என்றாய். நல்லதுதானே, அது கிராணி வேலை. கிராணி இல்லாமல் தோட்டம் நடக்காது. உனக்கு ஒரு கெட்டிக்காரக் கிராணி கிடைத்திருக்கிறது. ஆனால் கிராணி கிடைத்துவிட்டதால் மண்டோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாயே, அதுதான் எனக்கு வருத்தம். மூவாயிரம் பேர் என்றாய். மூவாயிரம் பேர் வீட்டிலும் தினமும் சாவு விழுவதில்லை, தம்பி. பெரியப்பா அத்தனை பேரிடமும் தினமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இன்றைக்கு யாரிடம் நிற்கவேண்டுமோ அவரிடம் நின்றார். அந்த ஆள் யார் என்று உன் சிஸ்டம் உனக்குச் சொல்லட்டும். அது மிச்சப்படுத்திக் கொடுக்கிற நேரத்தில் நீ எழுந்து போய் அவர் முன்னால் நில், உன்னால் முடியாவிட்டால் உனக்குக் கீழே இருக்கிற ஒரு மண்டோரை நிற்கச் சொல். உனக்குச் சொல்ல நல்ல வார்த்தை வராது என்று பயப்படாதே. உன் அப்பா இறந்தபோது உன் பழைய மேலாளர் ஒரு சீனப் பெரியவர் வந்தாரே, ஒரு வார்த்தையும் பேசத் தெரியாமல் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனாரே. அன்று வந்தவர்களில் எத்தனை பேரை உனக்கு ஞாபகம் இருக்கிறது? அவரை மட்டும் நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பஸ் ஏறி மந்தினுக்குப் போனேன். பாக்கியம் பெரியம்மாவின் காலைத் தொட்டு, அந்த ஐந்து வரிக் கதையைச் சொல்லிவிட்டேன். உனக்காக மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் எனக்காகக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவே இல்லை. "தெரியும்லா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரிலிருந்து அண்ணன்காரர் பதில் எழுதியிருக்கிறார்: ஆத்தா செத்ததுக்கு ஊரார் மாதிரி எழுதியிருக்கியே, இன்னும் அந்தச் சட்டைக் கோபம் தீரலையா என்று. அன்று நான் வேலையாக இருந்ததால் கோயில் பூசாரி அதைப் படித்துக் காட்டினாராம். பெரியம்மா என்னிடம் சண்டைக்குக் கிளம்பியிருக்கிறார். பெரியப்பாதான் கையைப் பிடித்து நிறுத்தினாராம். "அந்தப் புள்ள விடிய எந்திரிச்சு பால் வெட்டிட்டு வந்து ஒக்காந்து எழுதுது. வாசல்ல இன்னும் அஞ்சு பேரு. கேட்டா மனசு ஒடைஞ்சு போவும், அப்புறம் யாருக்குமே எழுதாது. விடு, நான் அடுத்த கடுதாசில சொல்லிக்கிறேன்" என்றாராம்.

அந்த அடுத்த கடுதாசி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தம்பி. வந்து உட்கார்ந்தவர், நான் பேனாவைத் திறக்கும்போதே, "நலமெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல சட்டைய எழுதும்மா" என்றார். இது என்னடா பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். எழுதுகிற வரைக்கும் அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாத மனிதர், நான் உண்மையாக எழுதுகிறேனா இல்லையா என்பதை என் முகத்தில் படித்திருக்கிறார். நான் எழுதிவிட்டேன் என்று தெரிந்ததும், "ம், இப்ப நலம் விசாரி" என்றார். என் தப்பை என்னைக் கொண்டே சரிசெய்துவிட்டு, அந்தத் தப்பு தனக்குத் தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாமல் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டார். அன்று மந்தின் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு மலாய்க்காரப் பெண் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

பாப்பா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் வருவாளாம். உன் சிஸ்டத்தில்தான் பதிந்தாளாம், பதிந்த அதே நிமிஷம் 'தங்கள் அர்ப்பணிப்பான சேவைக்கு மனமார்ந்த நன்றி' என்று பதில் வந்ததாம். "அந்த பொம்பளைங்க முன்னாடி இனி எப்படி சின்னம்மா மூஞ்சிய காட்டுவேன், அண்ணன் அண்ணன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று என்னிடம் கேட்டாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. அவள் வேலையில் இருப்பதும் விடுவதும் அவள் இஷ்டம். அதை மாற்றுவதற்காக நீ வரவேண்டாம். ஆனால் நீ அவளை மறந்துவிட்டாய் என்ற நினைப்போடு அவள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அவளைப் பார்க்காமல் நீயும் பினாங்குக்குக் கார் ஏறக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்து வரட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, "வரச் சொல்லு. கோழிக் கொழம்பு வெக்கிறேன், அவனுக்குப் புடிக்கும்" என்றார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பழம் கிழம் வாங்கிக்கொண்டு வா, மாலை வேண்டாம். போனைக் காரிலேயே வைத்துவிடு. என்ன பேசுவது என்று எதனிடமும் கேட்டுக்கொண்டு வராதே. அந்த வீட்டு வாசலில் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை, நான் பக்கத்தில்தான் நிற்பேன். 'யாருன்னு பாக்காமயே அமுக்கிட்டேன் பாப்பா' என்று உன் வாயால் அவளிடம் சொல். மற்றதெல்லாம் தானாக வரும்.

நலமெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், தம்பி. முதலில் சட்டையைச் சொல்.

அம்மா